சானடோரியத்தில் யாருக்குக் கட்டில்?

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் போன வருடம் மூன்று வாரமாக இருமிக்கொண்டே இருந்தார். ராத்திரி மாடியில் படுத்திருந்தாலும் கேட் பக்கம் அவர் இருமுவது கேட்கும். விரட்டி விரட்டி ஒரு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம், சளி எடுத்தார்கள், டிபி என்று வந்துவிட்டது. ஆறு மாத மாத்திரை எழுதி, வீட்டிலேயே இருந்து சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். மனிதர் மாத்திரைப் பையோடு நேராக என்னிடம் வந்தார். "சார், சானடோரியத்துக்கு ஒரு லெட்டர் வாங்கித் தர முடியுமா? எங்கப்பா அங்கதான் பத்து மாசம் படுத்து எழுந்து வந்தாரு. வீட்ல உக்காந்து மாத்திரை தின்னா இது போவுமா சார்?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் அவருடைய கேள்வி சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை. அவர் அப்பாவுக்குக் கிடைத்த கட்டில் மகனுக்கு ஏன் இல்லை? தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியின் ஏறக்குறைய நூறு வருடக் கதையும் இந்த ஒரு கேள்விதான்: இங்கே இருக்கிற கட்டில் யாருக்கு? ஒவ்வொரு தலைமுறைக்கும் இதற்கு வேறு விடை வந்திருக்கிறது, அந்த விடை மாறும்போதெல்லாம் ஆஸ்பத்திரியும் மாறியிருக்கிறது. ஒரு மருத்துவமனை ஊர் மாற மாற எப்படி மாறுகிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மாறிய இடங்களையும், மாறாமல் அடம்பிடித்த இடங்களையும் சேர்த்து.

ஸ்டேஷனுக்கே ஆஸ்பத்திரியின் பெயர்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் எலக்ட்ரிக் ட்ரெயினில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் அந்த வழியாக ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு நோயாளிகள் விடுதியின் பெயர் என்று தோன்றும் என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோக்காரருக்கு அது வெறும் ஸ்டாப்பிங். அரசு ஆவணத்தில் நெஞ்சக நோய் மருத்துவமனை, ஊர் வாயில் டிபி ஆஸ்பத்திரி.

1928ல் இதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. ஆரம்பத்தில் 12 படுக்கைகள். இவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் போனபோது, 1917ல், சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்று இவருடைய சானடோரியம். ராமானுஜன் 1919ல் ஊர் திரும்பி, அடுத்த வருடமே சென்னை சேத்துப்பட்டில் இறந்துபோனார். அவருக்கு வந்தது டிபிதானா, இல்லை கல்லீரலில் அமீபா தொற்றா என்று பிற்பாடு மருத்துவர்கள் விவாதித்தார்கள், அது வேறு கதை. சேத்துப்பட்டு என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அன்றைக்கு டிபிக்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1940களில்தான். ஆகவே கட்டில்தான் மருந்து. நல்ல காற்று, வெயில், பால், முட்டை, அசையாமல் படுத்திருப்பது. ஊருக்கு வெளியே, குன்றை ஒட்டி, பெரிய ஜன்னல் வைத்து வார்டு கட்டியதெல்லாம் அழகுக்காக இல்லை, சிகிச்சையே அதுதான் என்பதால். இன்னொரு லாபமும் உண்டு. இருமுகிறவர் இங்கே படுத்திருந்தால், ஒண்டுக்குடித்தனத்தில் அவரோடு ஒரே அறையில் படுக்கும் குழந்தைகள் தப்பிக்கும். 1937ல் அரசாங்கம் இதை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு கட்டில்கள் கூடிக்கொண்டே போய் 776 வரை வந்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளி பத்து மாதம், ஒரு வருடம் என்று படுத்தால், ஒரு கட்டில் வருடத்துக்கு ஒருவருக்குத்தான். மெட்ராஸ் மாதிரி ஒரு ஊரில் இருமிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு இது எந்தக் காலத்திலும் போதுமானதாக இருந்திருக்க முடியாது. வாட்ச்மேனின் அப்பா அதிர்ஷ்டசாலி. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று கட்டில் கிடைக்காமலே போனவர்களைப் பற்றி எந்த மகனும் வந்து லெட்டர் கேட்கப் போவதில்லை.

சேத்துப்பட்டில் வந்த முடிவு

1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நான்கு பேரும் சேர்ந்து. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே கேட்ட முதல் பெரிய கேள்வியே கட்டிலைப் பற்றியது. மருந்துதான் வந்துவிட்டதே, இனி நோயாளி படுத்துத்தான் ஆக வேண்டுமா?

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பிஏஎஸ்ஸும், ஒரு வருடத்துக்கு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1959ல் முடிவு வெளிவந்தபோது, குணமானவர்களின் அளவில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமானது, வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவிவிடவும் இல்லை. மருந்து ஆரம்பித்த பிறகு பரவுவது சட்டென்று குறைகிறது, அதற்கு முன்னால் பரவியதுதான் ஆபத்து. ஒரு ஊர் ஒட்டுமொத்த உலகத்துக்கும் சொன்ன சேதி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஐரோப்பாவில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, சுவிட்சர்லாந்தில் சில ஹோட்டலாகவே மாறின.

தாம்பரம் மட்டும் ஏன் மூடவில்லை?

அரசாங்க ஆஸ்பத்திரியை மூடுவது லேசில்லை என்று ஒரு பதில் இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் என் கணிப்பு வேறு. சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டில் இருந்தவர்களை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆய்வுக்கு வெளியே, சாதாரண நாளில், அந்த அக்கறையில் கால்வாசி கூடக் கிடைக்காது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நின்றுவிடும், கூலி வேலைக்குப் போக வேண்டும், மாத்திரை வாங்க ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். அப்படியே விட்டுவிடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பாதி நுரையீரலோடு திரும்ப வருவார்கள். அப்புறம், வீட்டிலேயே வைத்தியம் என்றால் முதலில் வீடு வேண்டுமே. பிளாட்பாரத்தில் படுப்பவர், குடும்பம் கைவிட்டவர், கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து தனியாகக் கிடப்பவர், இவர்களுக்கெல்லாம் கட்டில்தான் வீடு. சேத்துப்பட்டு கணக்கில் விட்டுப்போனவர்களை வைத்துக்கொண்டு தாம்பரம் ஓடியது.

சேத்துப்பட்டுக்காரர்களும் இதை உணர்ந்துதான் அடுத்தடுத்த ஆய்வுகளில் வாரத்துக்கு இரண்டு தடவை நோயாளியை வரவைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். பிற்பாடு உலகம் முழுக்க டாட்ஸ் என்ற பெயரில் பரவியதற்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது.

1993

இந்த ஆஸ்பத்திரியின் கதையில் கனமான பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986ல், நம் ஊரில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. அடுத்த சில வருடங்களில் நோய் முற்றியவர்கள் வர ஆரம்பித்தார்கள். எச்ஐவி எதிர்ப்புச் சக்தியைத் தின்றதும், நம் நாட்டில் முதலில் தலைதூக்குவது பெரும்பாலும் டிபி. ஏனென்றால் அது நம்மில் நிறையப் பேருக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரி திட்டம் போட்டதோ இல்லையோ, அந்த நோயாளிகள் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் நிலைமை என்ன? ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கையுறை தேடுவார்கள், அப்புறம் ஆபரேஷன் தள்ளிப்போகும், அப்புறம் வேறு எங்காவது போங்கள். அந்த 'வேறு எங்காவது' தாம்பரம் ஆனது. 1993ல் எச்ஐவி நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பத்து வருடத்துக்குள் நாட்டிலேயே மிக அதிகமான எச்ஐவி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாகிவிட்டது, ஆந்திராவிலிருந்து கூட ரயில் பிடித்து வந்தார்கள்.

வாசலைத் திறந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. டிபி டாக்டருக்குப் பழக்கமான நோயாளி, சளியில் கிருமி காட்டுவார், எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் ஓட்டை காட்டுவார். எச்ஐவியோடு வருபவருக்குச் சளி சோதனை பல தடவை ஒன்றும் காட்டாது, எக்ஸ்ரே பார்க்கச் சுத்தமாகக் கூட இருக்கும், நோய் கழுத்து நெறிகட்டியிலோ வயிற்றிலோ மூளையிலோ உட்கார்ந்திருக்கும். கூடவே பூஞ்சைக் காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், கண் பார்வை போவது என்று நெஞ்சக ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாதவை. நுரையீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடம் தலை முதல் கால் வரை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாடம் நடத்த ஆளில்லை, வார்டில் கிடந்த நோயாளிகளிடமே கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் வார்டுக்குள் கொண்டுவந்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம். இதைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு, தலையில் தூக்கி வைத்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், எச்ஐவிக்கென்று பிற்பாடு வந்த கூட்டு மாத்திரைகள் கிருமியை அடக்கியதோடு இதை ஒப்பிடவே கூடாது, ஒப்பிட்டு 'நாட்டு மருந்தே போதும்' என்று பேசுவது ஆபத்து. ஆனால் அந்த வருடங்களில் அந்தக் கூட்டு மாத்திரைகளை வார்டில் கிடந்த எவரும் வாங்கும் நிலையில் இல்லை. 2001ல் சிப்லா கம்பெனி ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னபோது உலகமே அசந்துபோனது, அந்த விலை கூட இங்கே ஒரு லாரி கிளீனருக்கு எட்டாத உயரம். கையில் எதுவும் இல்லாத டாக்டர், 'உனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை' என்று சொல்லாமல் எதையோ கொடுத்துப் பசியெடுக்க வைத்துச் சாப்பிட வைத்தார் என்ற அளவில் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு சிக்கலைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. டிபி இருமுகிறவர்களும் எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி போனவர்களும் ஒரே வளாகத்தில். ஒருவர் இருமல் இன்னொருவருக்கு எமன். வார்டைப் பிரிக்கலாம், முகக்கவசம் போடச் சொல்லலாம், ஆனால் எக்ஸ்ரே வரிசையில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில்தானே உட்காருவார்கள். இங்கே அந்தப் பழைய காலத்துப் பெரிய ஜன்னலுக்குத் திரும்ப வேலை வந்தது. 2007ல் பெரு நாட்டின் லிமா நகரத்து மருத்துவமனைகளில் செய்த ஆய்வு ஒன்று, உயரமான கூரையும் அகல ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில் காற்று மாறும் வேகம் நவீன இயந்திரக் காற்றோட்ட அறைகளைவிட அதிகம் என்று அளந்து காட்டியது. மருந்தே இல்லாத காலத்து ஆட்கள் வேறு நம்பிக்கையில் வைத்த ஜன்னல், சரியான காரணத்துக்குப் பயன்படுகிறது. பழசை இடித்துவிட்டு ஏசி போட்ட மூடிய கட்டடம் கட்டத் துடிக்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்தால் தேவலை.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் சுற்றில் எட்டு மையங்கள், அதில் தாம்பரம் ஒன்று. கட்டில் கதை இங்கே மறுபடி திரும்பியது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், எழுந்தவர்களுக்குக் கட்டில் வேண்டாம், மாதாமாதம் மருந்து வேண்டும். வார்டு ஆஸ்பத்திரி கவுண்ட்டர் ஆஸ்பத்திரியாக மாறியது. நர்ஸைவிட ஆலோசகர் முக்கியமானார், ஏனென்றால் இந்த மருந்தை ஆயுள் முழுக்க ஒரு வேளை தவறாமல் சாப்பிட வைக்க வேண்டும். அதே நோயில் வாழ்கிறவர்களே வந்து புதியவர்களிடம் பேசினார்கள். டிபி மருந்தும் எச்ஐவி மருந்தும் ஒன்றோடொன்று மோதும் என்பதும் இங்கே அன்றாடக் கணக்கானது. டிபி மருந்தான ரிஃபாம்பிசின் உடம்பில் இருந்தால் எச்ஐவி மருந்தான நெவிரபினை அது கரைத்துவிடும், ஆகவே டிபியும் சேர்ந்து இருப்பவருக்கு அந்தக் காலத்தில் அதற்குப் பதில் எஃபாவிரென்ஸ் கொடுத்தார்கள். இரண்டு நோயையும் ஒரே கூரைக்குக் கீழ் பார்த்த இடம் என்பதால்தான் இது இங்கே சுலபமாகப் படிந்தது. அப்புறம் மையங்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் திறந்தன, 2017ல் ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை பார்க்காமல் தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்று ஆனது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவர்கள் சொந்த ஊரிலேயே வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் குறைந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் குறைவது வெற்றி என்று எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை என்பது தனிச் சோகம்.

கோவிட்டைப் பற்றி ஊருக்கே தெரியும், சுருக்கமாக முடிக்கிறேன். மூச்சுத் திணறலைப் பார்த்துப் பழகிய ஆட்களும் நிறையக் கட்டிலும் இருந்த இடம், கோவிட் வார்டாக மாறியதில் ஆச்சரியமில்லை. அந்த இரண்டு வருடத்தில் நாடு முழுக்கவே டிபி கண்டறிவது சரிந்தது. இருமினால் எல்லோரும் கொரோனா டெஸ்ட்டுக்குத்தான் ஓடினார்கள்.

பக்கத்தில் இருப்பவன் யார்?

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. இந்த ஆஸ்பத்திரி யாருக்காக மாறியது? ஆந்திராவிலிருந்து வந்தவருக்காக மாறியது, எல்லோரும் விரட்டியவருக்காக மாறியது, அது பெரிய விஷயம். ஆனால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வளர்ந்த ஊருக்கு? மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது, குரோம்பேட்டையும் சேலையூரும் ஒன்றாகி 2021ல் தாம்பரம் மாநகராட்சியே வந்துவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டில் தினம் யாராவது அடிபடுகிறார்கள். நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறுகிறவர், 'நெஞ்சக ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது' என்று நினைத்தால் என்ன ஆகும் யோசியுங்கள். அது நுரையீரல் நெஞ்சு, இதய நெஞ்சு இல்லை. பக்கத்திலேயே 2005ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தார்கள், மூட்டு வலிக்கும் தோல் நோய்க்கும் அங்கே காலையிலேயே வரிசை நிற்கிறது. ஆனால் அடிபட்டவரையும் பிரசவ வலியையும் பார்க்கும் பெரிய பொது மருத்துவமனை என்ற தேவை அப்படியே பல வருடம் கிடந்தது. சானடோரியத்திலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வந்தது 2025ல்தான். நூறு வருடம் நெருங்கும்போது. பக்கத்து வீட்டுக்காரன் கடைசியில் கவனிக்கப்படுவது நம் ஊரில் புதிதில்லை.

மறுபடி கட்டில்

சரி, வாட்ச்மேனுக்கு வருவோம். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியதில் ஒரு தப்பும் நடந்தது. டிபியில் இறப்பவர்களில் கணிசமானவர்கள் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். மாத்திரை கையில் இருக்கும், உடம்பு தாங்காது. 2022ல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இதன் அழகே எளிமைதான். ஸ்கேன் வேண்டாம், ரத்த டெஸ்ட் வேண்டாம். நோய் என்று தெரிந்த அன்றே எடை, உயரம் பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும், நிமிடத்துக்கு 24க்கு மேல் போகிறதா? விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் 94க்குக் கீழே இருக்கிறதா? ஆதரவில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ குறியீடு 14க்கு இறங்கிவிட்டதா, அல்லது 16தான் ஆனாலும் இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா? ஐந்தரை அடி ஆள் 39 கிலோ என்றால் அந்த 14 வந்துவிடும். இதில் ஒன்று தேறாவிட்டாலும் மேற்கொண்டு டாக்டர் பார்த்துக் கட்டில் போட வேண்டும். சேத்துப்பட்டு ஆய்வு கட்டிலை எடுத்துவிட்டது என்றால், இந்தத் திட்டம் யாருக்கு அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வரிசை போட்டது.

இதையெல்லாம் வாட்ச்மேனுக்குச் சொன்னேன். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார்களா என்றேன். "ஆமா சார், அது எதுக்குன்னு எனக்கே புரியல. நின்னேன், உக்காரச் சொன்னாங்க." எடை 47 கிலோ. மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவருக்குக் கட்டில் வேண்டாம் என்று யாரோ கணக்குப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் கணக்குப் பார்த்தோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லெட்டர் கேட்டு என்னிடம் வந்திருக்க மாட்டார்.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் சிறுநீர் செங்கல் நிறத்தில் போகிறது என்று பயந்து ஓடி வந்தார். மருந்து அப்படித்தான் என்றேன். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும் என்றதும், அதற்கு ஆதார் எண்ணை எங்கே கொடுப்பது என்று ஒரு வாரம் அலைந்தார். முட்டையும் நிலக்கடலையும் வாங்கிக்கொள்ளச் சொல்லி முதல் மாதம் நாங்கள் சிலர் சேர்ந்து கொடுத்தோம். இரண்டாம் மாத முடிவில் 50 கிலோ. மூன்றாம் மாதம் கேட் பக்கம் பார்த்தபோது லெட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறதாம், ராத்திரி டியூட்டியைப் பகலுக்கு மாற்றித் தரச் செக்ரட்டரியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.